ஆள்காட்டி எழுதிய ஹெப்சி டீச்சர்

மாடிக் குழாயைத் திறந்தால் சில நாளாகக் காற்றுதான் வந்தது. கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, தொட்டி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டது. மாடிக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. வால்வு பழுது போலிருக்கிறது என்று ஹெப்சி நினைத்துக்கொண்டாள். கறிவேப்பிலை கேட்டுக் கீழே போனபோது, வீட்டுக்கார அம்மாள் கீதா, "மரமே காஞ்சிபோச்சு டீச்சர்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மரம் அவளுக்குப் பின்னாலேயே பச்சைப்பசேலென்று நின்றது. பழுது வால்வில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஹெப்சிக்கு மேடவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் வேலை. கணவன் ஜேசனுக்குக் கப்பலில் உத்தியோகம். வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்குப் பின்தெருவில் இருக்கும் இந்த மாடி வீட்டை அவள் பிடித்ததே ஏரிக்காகத்தான். விடிந்தும் விடியாததுமாகக் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கரைக்குப் போவாள். ஒரே இடத்தில் நின்று பார்ப்பாள். பிறகு போனில் ஏதோ தட்டுவாள். புருஷன் ஊரில் இல்லாத பெண் இப்படிச் செய்தால் தெரு சும்மா இருக்குமா? பிளாட் போட அளவெடுக்கிறாள் என்றார் ஒருவர். யூடியூப் என்றார் இன்னொருவர். குருவி பார்த்து எழுதுகிறேன் என்று அவளே சொன்ன பதிலைத்தான் யாரும் நம்பவில்லை.

எழுதுகிறவள் அவள் ஒருத்தி மட்டுமல்ல. 'கரைநடை' என்று ஒரு கூட்டம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு ஏரிக்கரையில் சேருவார்கள், நடப்பார்கள், நிழல் பார்த்து உட்கார்ந்து, எழுதி வந்ததை உரக்கப் படிப்பார்கள். நல்லவை அவர்களுடைய சின்ன இதழில் அச்சாகும். முதல் முறை ஹெப்சி 'ரம்மியமான ஏரி' என்று படித்ததும் ஒரு குரல், "ரம்மியம்னா எந்தப் பக்கம் மேடம்? மதகுப் பக்கமா, குப்பைப் பக்கமா?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் எழுத்தில் ரம்மியம் வரவில்லை. போய்ப் பார்க்காததை எழுதக் கூடாது, பார்த்ததை மழுப்பக் கூடாது, கூடு இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் இவ்வளவுதான்.

மூன்றையும் காப்பாற்றித்தான் அவள் 'ஆள்காட்டி' எழுதினாள். வற்றிய ஏரித் தரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிட்டிருந்த பறவையைப் பற்றிய கட்டுரை. அதில் ஒரு வரி: 'இடித்த வீட்டின் செங்கல்லும் டைல்ஸும் கொட்டிய மேட்டுக்கு இப்பால், டிராக்டர் தடத்துக்கு ஒரு முழம் தள்ளி, நான்கு முட்டைகள்.' ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. இதழ் வந்ததும், பெயர் அச்சில் வந்த பூரிப்பில், ஒரு பிரதியை அவளே கீழ்வீட்டில் கொடுத்தாள்.

கீதாவின் கணவர் சம்பத்தின் குடும்பம் அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். வயலெல்லாம் மனையாகிவிட்ட பிறகு அவர் ஜல்லி, மணல் விற்றார். பழைய வீடுகளை இடித்துக் கொடுக்கும் வேலையும் எடுத்தார். இடித்த குப்பை எங்கே போகிறது என்பது தெருவுக்கே தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். இதழ் வந்த அடுத்த வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து அவருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார்கள். மாடிக்குத் தண்ணீர் நின்றது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை மாலை, பள்ளி விட்டு வந்தவளை சம்பத் மாடிப்படியிலேயே நிறுத்தினார். கையில் அந்த இதழ் சுருட்டியிருந்தது.

"டீச்சர், எங்க மேல உங்களுக்கு இன்னா கோவம்?"

"கோவமா? என்னண்ணா சொல்றீங்க?"

"நீங்களே போட்டுகினுகீறீங்களே. 'ஆள்காட்டி'. கீழ உங்க பேரு. ஆளக் காட்டியும் குடுத்துட்டு, அதுக்குத் தலைப்பு வேற."

ஹெப்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. "அண்ணா, அது குருவி. மஞ்சக் காலு, மூக்குகிட்ட செவப்பா, ஆளப் பார்த்தா கத்துமே..."

"அது ஆக்காட்டி! பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், எனக்கா தெரியாது? இதுல ஆள்காட்டின்னு கீது."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணா. எழுதும்போது அப்படி எழுதுவாங்க."

"பேசும்போது ஒண்ணு, எழுதும்போது ஒண்ணு. அதத்தான் நானும் சொல்றேன்." இதழைப் பிரித்து அந்த வரியில் விரல் வைத்தார். "சரி, குருவியாவே இருக்கட்டும். இந்த டிராக்டர யாரு ஓட்னது, குருவியா?"

ஹெப்சியின் சிரிப்பு அடங்கியது. சம்பத் விடவில்லை.

"தாலுகா ஆபீஸ்ல, என் மேல குடுத்த மனுவோட இந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து சொருகிகீறாங்க. கண்ணால பார்த்தேன். மனு குடுத்தது நீங்கதான?"

"சத்தியமா நான் இல்லண்ணா."

"அப்போ உங்க கூட்டத்துல எவனோ. பேரச் சொல்லுங்க, அத்தோட வுட்டுர்றேன். இல்லியா, லீவு வுட்டதும் வூட்டக் காலி பண்ணிக்கங்க."

அன்று அவள் சோறு வடிக்கவில்லை. குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். கட்டுரைக்கு 'அருமை' என்று போட்டவர், கைகூப்பு மட்டும் போட்டவர், ஒன்றுமே போடாதவர். நேற்றுவரை சிநேகமாகத் தெரிந்த பெயர்கள் எல்லாம் இன்று எதையோ மறைப்பது போலத் தெரிந்தன. அப்போதுதான் இதழாசிரியர் ஏகநாதனின் போன் ஞாபகம் வந்தது. வங்கியில் ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அச்சுக்குப் போகும் முன், "அந்த மேடு மதகுக்கு எந்தப் பக்கம் மா?" என்று கேட்டிருந்தார். எவ்வளவு அக்கறையாகப் பிழை பார்க்கிறார் என்று மகிழ்ந்து, தென்னை மரம் அடையாளம் உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

உடனே கூப்பிட்டாள்.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றார் ஏகநாதன், தயக்கமே இல்லாமல். "நீங்க எழுதினது உண்மையா, பொய்யா?"

"உண்மைதான் சார். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. வாடகை வீடு. நடந்து, பார்த்து, படிச்சு, கை தட்டி, காபி குடிச்சிட்டுப் போறதுக்கா மா நாம எழுதறோம்?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே பேசினார்.

"ஒண்ணு மட்டும் மா. என் பேர் வெளிய வர வேணாம். எங்க வீட்ல மேல் தளம் எழும்பிட்டிருக்கு. ஜல்லி எல்லாம் சம்பத்கிட்டதான்."

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் தண்ணீர் வரும், கறிவேப்பிலையும் வரும், ஏரிக்குப் பின்னாலேயே இருந்துவிடலாம். ஏகநாதனுக்கும் அது வேண்டியதுதான். இரவெல்லாம் இதையே புரட்டினாள். ஆனால் சொல்லிவிட்டால், சம்பத் அவளைப் பற்றி நினைத்தது அப்படியே உண்மையாகிவிடும். அதை அவளால் விழுங்க முடியவில்லை.

காலையில் கேட்டருகே நின்றிருந்த சம்பத்திடம் போனாள்.

"யாருன்னு தெரிஞ்சிடுச்சு அண்ணா. ஆனா சொல்ல மாட்டேன். அந்த வரி நான் எழுதினது. அதுக்கு நான் பொறுப்பு."

சம்பத் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தெரியும்ன்றீங்க. பேரு மட்டும் வாயில வராது."

"வராது."

"அப்ப நான் சந்தேகப்பட்டது தப்பில்ல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் தண்ணி வுடச் சொல்றேன்."

அடுத்த கரைநடைக்கு ஹெப்சி போனாள். எதுவும் படிக்கவில்லை. யாரோ ஒருவர் நாரையைப் பற்றிப் படித்தபோது எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினார் ஏகநாதன். "முட்டை என்ன ஆச்சு மேடம்?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். கேட்கிறவர் முகத்தை முதலில் படித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "பார்க்கல" என்றாள். இதழுக்கும் எதுவும் அனுப்பவில்லை.

பரீட்சை முடிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது கீதா மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தாள். எடுக்காமல் வாசலில் நின்றாள்.

"டீச்சர்... அந்த ஆக்காட்டி முட்டை. பொரிச்சிச்சா?"

அன்று காலைதான் ஹெப்சி பார்த்திருந்தாள். மூன்று குஞ்சுகள். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி, தாய் கத்தக் கத்தப் புல்லுக்குள் ஓடி ஒளிந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே நெஞ்சு முட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். கேட்பது கீதாவா, கீழே இருப்பவரா?

"தெரியலக்கா. இப்பல்லாம் நான் அந்தப் பக்கம் போறதேயில்ல."

கீதா கீழே குனிந்து, வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். அதில் அப்பியிருந்த ஏரிச் சேறு இன்னும் காயவில்லை.

"சரி டீச்சர்" என்றாள். கொடியில் கிடந்த துணிகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.