கப்பல் சங்கும் அவள் வயிறும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். கட்டிய மனைவியின் வயிற்றுக் கோளாறை ஒருவன் ஊருக்குச் சொல்லலாமா? காகிதத்தை எடுப்பேன், பிஸ்மில்லா எழுதுவேன், அப்படியே மடித்து வைத்துவிடுவேன். நான் படித்தது ஓதுபள்ளியும் கொஞ்சம் தமிழும்தான். சொல்லில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எதையும் மாற்றவில்லை, அல்லாஹ் அறிவான்.

நாகப்பட்டினத்திலிருந்து நான் பினாங்குக்கு வந்தபோது என் மனைவி ஊரில் முழுகாமல் இருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்கு அரிசி பருப்பு ஏற்றும் கடையில் எனக்கு வேலை. எங்கள் ஆட்கள் அப்போதெல்லாம் பெண்டுகளை இங்கே கொண்டுவருவது குறைவு. எனக்கு மனசு கேட்கவில்லை. ஜெர்மன் சண்டை முடிந்து கப்பல் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அவளையும் மகளையும் வரவழைத்தேன். மகளுக்கு அப்போது நாலு வயசு இருக்கும். நான் அவளைப் பார்த்ததில்லை.

அந்தக் கப்பலில் காலரா என்று சொல்லி, எல்லோரையும் எதிரே இருந்த தீவில் இறக்கிவிட்டார்கள். பேதி உள்ளவர்களைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோவது அங்கே சட்டம். பல நாள் கழித்து படகுத்துறையில் நின்று காத்திருந்தேன். அவள் மட்டும் இறங்கி வந்தாள். என் கையிலிருந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. நாகப்பட்டினத்துக் கப்பல் வந்து சங்கு ஊதினால் அவளுக்கு வயிறு கலங்கும். முதலில் குமட்டல், பிறகு பிடித்து முறுக்கும் வலி, பிறகு போக்கு. அன்றும் மறுநாளும் சோறு இறங்காது. கப்பல் போன பிறகு மெல்ல அடங்கும். அடுத்த கப்பலுக்கு மறுபடியும் வரும். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்து நிற்பாள், பாதியில் ஒளு முறிந்துபோகும். திரும்ப எடுப்பாள், திரும்ப முறியும். இப்படிப்பட்ட நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒரு வக்துத் தொழுகைக்கு ஒரு ஒளு போதும் என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்து சொன்னேன். "சலுகை இருக்குதுங்க. எனக்குத்தான் மனசு வரலே" என்றாள்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாளை மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் எண்ணெய் காய்ச்சி வந்து வயிற்றில் தடவிவிடுவார். "மாசோக் அங்கின் லா" என்பார். உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். வெள்ளைக்கார டாக்டர் அழுத்தி அழுத்திப் பார்த்தார். குடலில் ஒன்றும் இல்லை, மனசில் உள்ள கவலைதான் வயிற்றுக்கு இறங்குகிறது என்று சொன்னதாகத் மருந்து கட்டும் தமிழ் டிரசர் எனக்கு எடுத்துச் சொன்னார். கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றார். தூளும் கொடுத்தார்கள். தூளைக் கரைத்துக் கொடுத்துவிடலாம். மற்றதை எந்தக் கடையில் வாங்குவது?

டாக்டர் சொன்னது கடையில் பரவியது. மனசில் உள்ளது என்றால் பாசாங்கு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மூட்டை கட்டும் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏன் நானா, கப்பல் வருதுன்னு கோட்டையில கொடி ஏத்துறதுக்கு முந்தியே உங்க வூட்டுல தெரிஞ்சிடுதாமே? கவர்மெண்டுல சொல்லி சம்பளம் வாங்கிக் குடுங்களேன்."

சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல இருந்துவிட்டு மூட்டையைத் தூக்கினேன்.

சங்குச் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்து ஆயர் ஈத்தாம் பக்கம் குடிபோனோம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நான் கடையிலிருந்து வரும்போது என் சட்டையில் நாகப்பட்டினத்து வெங்காய வாடை இருந்தால் போதும், கப்பல் வந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். சட்டையை மாற்றிக்கொண்டு போனாலும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். திரும்பப் பழைய வீட்டுக்கே வந்துவிட்டோம்.

ஒருநாள் மதியம், லுஹர் தொழுகை நேரம். மழை பெய்துகொண்டிருந்தது. பலமுறை ஒளு முறிந்து, முசல்லாப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளாகவே சொன்னாள்.

"புள்ளைக்குத் தீவுல வவுறு போச்சு. தெரிஞ்சா பிரிச்சிடுவாங்கன்னு துணியை ஒளிச்சு ஒளிச்சு அலசுனேன். ரெண்டு நாளு. அப்பறம் கண்டுபுடிச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. போறப்ப இன்னொரு கப்பல் வந்து ஊதிக்கிட்டே இருந்துச்சு. அவ கூப்புட்டது எனக்குக் காதுல விழலே."

பிறகு, "மொதல்லயே காட்டியிருந்தா மருந்து குடுத்திருப்பாங்களோ என்னமோ" என்றாள்.

எல்லாம் அல்லாஹ் எழுதிய விதி, உன் மேல் குற்றமில்லை என்றேன். தலையை ஆட்டினாள். அவள் நம்பிக்கையில், ஈமானில் குறைந்தவள் இல்லை. நான் சொன்னதை நம்பினாள். ஆனால் அந்தச் சொல் வயிறு வரைக்கும் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னை ஊருல எங்க உம்மாகிட்ட கொண்டுபோய் விடுங்க. அது மடியில படுத்தா அடங்கிடும்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அங்கே போவதற்கும் கப்பல்தான் உண்டு. வேறு வழி ஏது?

கப்பலுக்கு டெக் டிக்கெட் எடுத்தேன். ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன் என்றுவிட்டாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றால் என்ன போய்விடும் என்பது அவள் கணக்கு. மக்சிக்கும் கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பினாங்கில் மறுபடியும் பேதி என்ற பேச்சிருந்ததால், ஏறுகிறவர்களை வரிசையில் நிறுத்தி டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் சிலர்தான் பாக்கி. அப்போது சங்கு ஊதியது.

வெறும் வயிறுதான். அப்படியும் அவளால் நிற்க முடியவில்லை. சேலை நனைந்துவிட்டது. வரிசையிலிருந்து எங்களை ஒதுக்கி நிறுத்தினார்கள். டிக்கெட் பார்க்கும் தமிழ்க் கிராணியிடம், இது அந்த நோய் இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம், பல வருஷமாக இப்படித்தான் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எதனால வந்தா என்ன அண்ணே? பேதி பேதிதானே. ஏத்துனா என் வேலை போயிடும் லா."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கப்பல் போய்விட்டது.

ரிக்‌ஷாவில் வரும்போது, "புள்ளையையும் இப்படித்தானே ஒதுக்குனாங்க" என்றாள். இறங்கும்போது, "இனிமே கேக்கமாட்டேங்க" என்றாள். கேட்கவும் இல்லை. நான் எடுத்துப் பேசினாலும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவாள்.

அடுத்த கப்பல் வந்தது. சங்கு ஊதியது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த கப்பலுக்கும் அப்படியே. நான் பள்ளிவாசலுக்கு ஓடி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்தேன். கடையில் சிரித்தவர்கள்கூட நல்ல சேதி என்று கையைப் பிடித்தார்கள். வலியோடு பசியும் போய்விட்டது என்பது மெல்லத்தான் தெரிந்தது. சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்திருப்பாள். கட்டாயப்படுத்தினால் கஞ்சி குடிப்பாள். குடித்தது தங்கும், உடம்பில் ஒட்டாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எங்கேயும் இல்லை என்பாள். பொய் சொல்கிறவள் இல்லை. ஊரில் அவள் உம்மா மவுத்தான சேதி வந்தபோதும் அழவில்லை. "அப்புடியா" என்றாள். அடுத்த நோன்புக்கு முன்பே அவளும் மவுத்தானாள்.

அல்லாஹ்வின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஐந்து வேளையும் அவளுக்காகவும் மகளுக்காகவும் துஆ கேட்கிறேன். ஆனால் மனசு ஆறியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆறவில்லை. இனி ஆறும் என்றும் தோன்றவில்லை.

இதை வாய்ச்சொல்லாக நான் சொன்ன இரண்டொருவர், என் மேல் இரக்கப்பட்டு, கடைசியில் அவள் குணமானதாகப் பிறரிடம் சொன்னார்களாம். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு, வயிறு அடங்கியதும் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். ஆகையால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், சொல்லுங்கள். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், அவள் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.