என் தலைக்குள் ஆறரை மணி ரயில்

மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பைக் ஸ்டாண்டில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வண்டி உள்ளே வந்ததும் சீட்டின் மேல் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவேன். அதே எண்ணை டோக்கனில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுப்பேன். சாயங்காலம் இரண்டும் பொருந்தினால் வண்டி வெளியே போகும். ஆறாம் வகுப்புப் பாதியில் ஓடிப்போனவனுக்கு எண் எழுதத் தெரிந்தால் போதும் என்றார்கள். அதனால்தான் சேர்ந்தேன்.

போன வருடம் என் எண்கள் சிறுக்க ஆரம்பித்தன. காலையில் முதல் வண்டிக்கு எழுதுவது நன்றாகவே இருக்கும். ஐம்பதாவது வண்டி வருவதற்குள் கடுகளவு ஆகிவிடும். பெரிதாக எழுதுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இது நீங்க எழுதினதா, எறும்பு எழுதினதா?" என்று பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் டோக்கனைக் கண்ணருகே வைத்துக் கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம், நானே எழுதிய எண்பத்தாறை முப்பத்தாறு என்று படித்து, ஒரு ஆளைச் சொந்த வண்டியை எடுக்கவிடாமல் தடுத்து நிறுத்தினேன். அவர் ஆர்சி புத்தகத்தைக் காட்டும்வரை விடவில்லை. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதோடு கையும் ஆடியது. வேலை செய்யும்போது அல்ல. சும்மா மடியில் கிடக்கும்போது வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே பீடி சுருட்டும். சாக்பீஸை எடுத்தால் நின்றுவிடும். ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது நான் சும்மா இருக்கும் நேரம்தான்.

டீக்கடையில் என் சேக்காளி ஒருவன் உண்டு, ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"மச்சான், கை இன்னாமா உதறுது பாரு. காலீல ஒரு கட்டிங் வுட்டா நின்னுடும். வா, நான் வாங்கித் தரேன்."

"நான் குடியை வுட்டு ஒம்பது வருசம் ஆவுதுடா."

"அதான்டா உதறுது!"

அவன் மட்டுமல்ல, ஸ்டாண்டுக்கு வரும் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். காலையில் கை நடுங்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாக்பூர் லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். ஆந்திராவில் போர்வெல் போடும் வண்டியோடு அலைந்திருக்கிறேன். கேளம்பாக்கத்தில் பதினாலு மாடிக்குச் சாரம் கட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் குடித்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விட்ட பிறகு குடிகாரன் ஆனேன்.

அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது முறை போனபோது ஒரு டாக்டரம்மா என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார், எழுதச் சொல்லிப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார்.

"யார்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சும்மா?"

"ஒட்டுற நோய் இல்லைங்க. மூளையில டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். உங்களுக்கு அது குறைஞ்சுபோச்சு. அது சரியா இருந்தா, அசைவைப் பார்த்துக்கிற செல்லுங்க ஒவ்வொண்ணும் அதது நேரத்துக்கு வேலை செய்யும். குறைஞ்சா எல்லாம் சேர்ந்துக்கிட்டு ஒரே தாளத்துல அடிக்க ஆரம்பிச்சிடும். கை, காலுக்குப் போற உத்தரவு அந்தச் சத்தத்துல சிக்கிக்கும்."

எனக்கு உடனே புரிந்தது. சாயங்காலம் ஆறரை மணி ரயில் வந்து நின்றதும் நூறு பேர் ஒன்றாக ஸ்டாண்டுக்குள் நுழைவார்கள். ஒன்றாக வண்டியைக் கிளப்புவார்கள், ஒன்றாக ஹாரன் அடிப்பார்கள், ஒன்றாக வாசலுக்கு வருவார்கள். ஒரு வண்டிகூட வெளியே போகாது. வாசலில் நின்று, "நீ வா, நீ இரு" என்று ஒவ்வொன்றாக விடுவதுதான் என் வேலை. மூளைக்குள்ளும் அப்படி ஒரு ஆள் வேலை பார்த்திருக்கிறான். அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கிறான். நானும் பல இடங்களில் அப்படிப் போனவன் என்பதால் அவனைத் திட்டவில்லை.

மாத்திரையால் நோய் போகாது, நாள் ஆக ஆகக் கூடும், ஆனால் நேரம் தவறாமல் போட்டால் நடமாடலாம் என்றார் டாக்டரம்மா. எழுத்து சிறுத்தால் கோடு போட்ட தாளில் எழுதுங்கள், கால் ஒட்டிக்கொண்டால் தரையில் ஒரு கோட்டைப் பார்த்துத் தாண்டுங்கள் என்றும் சொன்னார்.

ஓனரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஸ்டாண்டு இருக்கும் இடம் அவர் குடும்பம் நெல் போட்ட நிலம்.

"அப்போ வூட்ல ரெஸ்ட் எடுணா. இன்னாத்துக்கு ரிஸ்க்கு?"

வூடு என்றால் ஊரப்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறை. அதில் நாள் முழுக்க உட்கார்ந்தால் நோய்க்கு முன்னால் சுவர் என்னைக் கொன்றுவிடும். "ஒரு மாசம் பாருங்க ஓனர். அப்புறம் சொல்லுங்க" என்றேன். தலையை ஆட்டினார். மாசக் கடைசியில் வேறு ஆள் தேடப்போகிறார் என்று அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் இரட்டைக் கோடு நோட்டு வாங்கி டோக்கன் அளவுக்கு வெட்டினேன். மேல் கோடும் கீழ்க் கோடும் முட்ட எழுதினால் எண் சிறுக்கவில்லை. வண்டி வரிசைகளுக்கு நடுவே, சந்து குறுகும் இடங்களில்தான் என் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டால் குறுக்குக் கோடு இழுத்தேன்.

"இன்னாணா, கோலம் போட்றியா?" என்றார் ஓனர். வந்தவர்கள் அதைப் பார்க்கிங் கோடு என்று நினைத்தார்கள். தாம்பரத்தில் எந்தக் கோட்டையும் மதிக்காதவர்கள் என் கோட்டின் மேல் மட்டும் ஒழுங்காக வண்டியை நிறுத்தினார்கள்.

மாசம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று மழை, ரயில் தாமதம், கூட்டம் ஒட்டுமொத்தமாக வந்தது. மூன்று மணி மாத்திரையை நான் மறந்திருந்தேன். இரண்டு வரிசைக்கு நடுவே போனபோது கால் நின்றுவிட்டது. அங்கே இருந்த கோட்டை மறைத்து யாரோ ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் வரவில்லை. பின்னால் ஹாரன்.

"யோவ், ஏத்திக்கினு வந்துட்டு வழில நிக்கிறான் பாரு!" என்றது ஒரு குரல்.

"குடிக்கலடா! மூளையில நரம்பு மக்கர் பண்ணுது! கொஞ்சம் நில்லு!" என்று நானும் கத்தினேன். ஆறு வருடத்தில் ஒரு கஸ்டமரை நான் டா போட்டது அதுதான் முதல்முறை.

ஓனர் ஓடிவந்து என் முதுகைத் தள்ளினார்.

"தள்ளாதீங்க, வுழுந்துடுவேன். முன்னாடி வாங்க. உங்க காலைக் குறுக்கே வையுங்க."

"இன்னாது?"

"காலை நீட்டுங்க ஓனர். நான் தாண்டணும்."

அவர் முகம் மாறியது. உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காலைக்கூட யாரும் தாண்டமாட்டோம். தாண்டினால் பிள்ளை வளராது என்று திட்டு விழும். சம்பளம் வாங்குகிறவன், அத்தனை பேர் முன்னால் முதலாளியின் காலைத் தாண்டுவேன் என்கிறான். ஹாரன்கள் சேர்ந்து அலறின. அவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வலது காலை என் பாதத்தின் முன்னால் நீட்டினார். அதைப் பார்த்தேன். பாதம் எழுந்தது. தாண்டினேன். அடுத்த அடி தானாக வந்தது, அதற்கடுத்ததும். வாசலுக்குப் போய்க் கையைத் தூக்கி, ஒவ்வொரு வண்டியாக விட்டேன். கத்தின ஆளைக் கடைசியாக விட்டேன். அது வேண்டுமென்றே செய்ததுதான்.

கூட்டம் கலைந்ததும் ஓனர் பக்கத்தில் வந்தார்.

"திரும்பி ஒரு தபா தாண்டிடுணா. இல்லாங்காட்டி நான் வளரமாட்டேன்."

அவர் தொப்பையைப் பார்த்தேன். "வளர்ந்த வரைக்கும் போதும்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு அவர் போனில் அலாரம் அடிக்கிறது. கல்லாவில் இருந்தபடி, "ணா, மாத்திரை!" என்று ஸ்டாண்டே கேட்கும்படி கத்துகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லியும் நிறுத்தவில்லை. மாசம் முடிந்த அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததால் நானே போய் நின்றேன்.

"இது கூடும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. ஒருநாள் என்னால முடியாமப் போகும். அன்னிக்கு நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீங்க சொல்லாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"ஆளுங்க டோக்கனுக்கு வெய்ட் பண்ணிகினு கீறாங்க பாருணா" என்றார்.

போனேன்.