பத்தொன்பது நிமிடம்

தங்கை ஜெயித்ததையெல்லாம் அக்கா வரிசையாகச் சொல்வாள்: எட்டாவதோடு நின்ற படிப்பைத் தபாலில் முடித்தது, முந்நூறு பேர் எழுதிய பரீட்சையில் தேறித் தீவின் விமான நிலையத்தில் வேலை வாங்கியது, கடைசியாக ஒரு எட்டு நிமிடம். அதற்குத்தான் நாலு வருஷம் பிடித்தது.

நிலையம் என்றால் ஒரு கூடம், ஒரு தராசு, ஒரு ரேடியோ. ஒன்பது பேர் ஏறும் விமானம் தினமும் பக்கத்துத் தீவுக்குப் போய் வரும். இங்கே சக்கரம் எழும்பிய நேரத்தையும், ரேடியோவில் கேட்டு அங்கே இறங்கிய நேரத்தையும் தங்கை நோட்டில் குறிப்பாள். நிலையத்தில் அவள் பெயரே ‘கடிகாரம்’.

சுவரில் மாட்டிய தாளில் தூரம் முப்பது கிலோமீட்டர், நேரம் பதினொரு நிமிடம். விமானமோ பத்தொன்பதுக்குக் குறைந்து ஒரு நாளும் போனதில்லை. விமானி வாயைத் திறக்காமல் கூடுதல் எரிபொருள் நிரப்பிக்கொள்வார். நோட்டை யாரும் புரட்டிப் பார்க்காமலே, பயணிகளை மெதுவாக ஏற்றுகிறாள் என்று அந்த எட்டு நிமிடமும் தங்கை தலையில் விழுந்தது. தற்காலிக ஊழியர், கையெழுத்துப் போட இடமில்லை, திட்டு வாங்க மட்டும் இடமிருந்தது.

மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று மேலாளர் சொன்னதைக் கேட்டதும் அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்தாள்.

“வேண்டாம்க்கா, மானம் போயிடும்.”

“தப்பா எழுதினவனுக்குப் போகாத மானம் உனக்கு மட்டும் ஏன்டி போகணும்?”

நிலையத்தில் மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா நீங்க?”

“உங்க சட்டைக்கு அளவெடுத்தவ. இப்ப உங்க விமானத்துக்கு அளவெடுக்க வந்திருக்கேன்.”

படகு டிக்கெட்டை மேசையில் வைத்தாள். அதிலும் முப்பது கிலோமீட்டர். படகுத்துறைக்கும் படகுத்துறைக்கும் உள்ள தூரத்தை யாரோ அப்படியே விமானத்துக்கு எழுதியிருந்தார்கள். ஓடுதளங்களோ தீவுகளின் மறுபக்கத்தில், நடுவே மலை. சுவரில் இருந்த வரைபடத்தில், மலையைச் சுற்றி ஓடுதளத்திலிருந்து ஓடுதளம் வரை நூலை வைத்தாள். நூலை டேப்பில் அளந்து, வரைபடத்தின் ஓரத்தில் இருந்த அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டாள். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.

“சட்டை கேட்டு வந்த ஆளை விட்டுட்டு, அவர் வீட்டுக் கதவை அளந்து நான் தெச்சுக் கொடுத்தா போட்டுப்பீங்களா சார்?”

மேலாளர் தாமும் ஒருமுறை நூலை அளந்து பார்த்தார். தங்கையின் நாலு வருஷ நோட்டைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். புதுத் தாள் வந்தது: ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், பத்தொன்பது நிமிடம். வேலையும் நிலைத்தது. ஆனால் ‘நேரம் குறித்தவர்’ என்ற இடத்தில் மேலாளர் பெயர்! ஒரு நாளாவது அவர் வெயிலில் நின்று சக்கரத்தைப் பார்த்தாரா? அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை தங்கையே பேசினாள். “சார், என் கையெழுத்து இல்லாம இந்தத் தாளை நான் மாட்ட மாட்டேன்.”

வாசலில் நின்ற விமானி முதல்முறையாக வாயைத் திறந்தார். “அவங்களே போடட்டும் சார். அவங்க குறிச்ச நேரத்தை நம்பிப் பறக்கிறவன் நான்.”

மேலாளர் தம் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். தங்கை முழுப் பெயரையும் நிறுத்தி எழுதி, கீழே தேதி போட்டாள்: 17 மார்ச் 2009, செவ்வாய்க்கிழமை.