அன்னக்கிளி கொடுத்த யானைச் சத்தம்

தேயிலை விலை விழுந்த வருடங்களில், தேவர்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்று முதலில் வீட்டுக்கு அனுப்பியது யானை வந்தால் எச்சரிக்கும் காவலாளியைத்தான். அந்த வேலையைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டது, அங்கே கொழுந்து பறிக்கும் அன்னக்கிளியின் தொண்டை. காட்டோரம் கிளை முறியும் சத்தம் கேட்டால் போதும், "ஓஓய், ஓடுங்க" என்று குரல் கொடுப்பாள். கூடப் பறிக்கும் நாற்பது பேரும் கூடையைப் போட்டுவிட்டு, எதற்கு என்று கேட்காமல் ஓடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் எலும்பெல்லாம் வலி, மூன்று முறை சிறுநீரகக் கல். கோயம்புத்தூர் டாக்டர் இந்துமதி ரத்தத்தைச் சோதித்துக் காரணம் சொன்னார். கழுத்தில் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று மொச்சைக்கொட்டையாக வீங்கி, எலும்பின் கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடுகிறது. ஓர் அங்குலம் கீறி அதை மட்டும் எடுத்துவிடலாம்.

"பக்கத்துலயே குரல் நரம்பு ஓடுதுங்கம்மா. நூத்துல ஒருத்தருக்குக் குரல் கம்மிப் போகலாம்."

"அந்த ஒருத்தி நானா இருந்தா, நாப்பது பேருக்கு யாரு சத்தம் குடுப்பா?"

"எலும்பு முறிஞ்சு நீ படுத்துட்டா மட்டும் யாரு குடுப்பா? போய்ப் படு அக்கா" என்றாள், தோட்டத்திலிருந்து கூட வந்த மரகதம்.

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் தரவில்லை. கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். குரலைக் கவனித்துக்கொண்டே அறுக்க வேண்டும். "எதையாவது பேசிட்டே இருங்க" என்றார் டாக்டர். அன்னக்கிளிக்கு, காலையில் தோட்டத்தில் ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடுவது ஞாபகம் வந்தது.

"பேச்சியம்மா. வந்துட்டா, ஆனா இன்னும் முழிக்கல. விஜயா. லீவு. காய்ச்சல்னு சொல்லுவா, சேலை எடுக்கப் போயிருப்பா."

பதினேழாவது பேரில் டாக்டர் கத்தியை எடுத்துவிட்டார். "கொஞ்சம் நிறுத்துங்கம்மா. சிரிச்சா கை ஆடுது."

மொச்சைக்கொட்டை வெளியே வந்தது. கால் மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் சுரப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தையல் முடிந்ததும், "ஒருதரம் குரல் குடுங்க, பார்க்கலாம்" என்றார் டாக்டர். அவர் எதிர்பார்த்தது ஒரு சின்ன 'ஆ'.

வெளியே பெஞ்சில் இருந்த புருஷன் வீரையாவும் மரகதமும் அந்த "ஓஓய்" காதில் விழுந்ததுமே எழுந்து ஓடினார்கள். தூக்குச்சட்டி உருண்டது. இரண்டு மாடி இறங்கி, வாசலைத் தாண்டி, பஸ் ஓடும் ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாட்ச்மேனும் கூடவே ஓடிவந்தார்.

"ஏனுங்க, எதுக்குங்க ஓடறோம்?"

வீரையா மூச்சு வாங்கி நின்றார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "அது எம் பொண்டாட்டிங்க. குரல் போகல."

"அவ குரல் போகலண்ணே" என்றாள் மரகதம், தன் வெறுங்காலைப் பார்த்து. "என் செருப்புதான் போச்சு."