திரும்ப இடமில்லாத மீன்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் நாங்கள் புது வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். 'நாங்கள்' என்று சொல்வது பழக்கதோஷம். கணவர் மஸ்கட்டில், மகள் வெளியூர் ஹாஸ்டலில். மூன்று படுக்கையறை வீட்டில் நானும் டி.வி.யும்தான்.

அப்போது ஊரையே வாஸ்து மீன் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் இருந்த என் கணவருக்கும் யாரோ ஓதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்று மத்தியானம்தான் போன் வரும். "ஹாலுல ஈசானி மூலையில அரோவனா மீன் ஒண்ணு வாங்கி வையி. எல்லாம் சரியாயிடும்" என்றார். எங்கள் ஈசானி மூலையோ, பூஜை அறைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு இடுக்கு. டேப் வைத்து அளந்தேன். இரண்டடிக்கு மேல் எதுவும் நுழையாது. ஆக, எங்கள் தொட்டியின் அளவை முடிவு செய்தது மீன் அல்ல, பூஜை அறைக் கதவு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்ண மீன் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே கண்ணாடித் தொட்டியும் செய்து தருவார்கள். மீன் பெரிசானால் இரண்டடி பத்துமா என்று கேட்டதற்கு, "தொட்டிக்குத் தகுந்தாப்பலதான்க்கா மீனு வளரும். சின்னத் தொட்டின்னா சின்னதாவே நின்னுடும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கேட்க வசதியாக இருந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

வாங்கும்போது மீன் விரல் நீளம்தான் இருந்தது. மெல்லிய வெள்ளித் தகடு போல் உடம்பு, தாடையில் இரண்டு மீசை. கூட வேறு மீனைப் போட்டால் கடித்துவிடும் என்றார்கள், அதனால் அதுவும் தனி. பக்கத்து வீட்டு அக்கா பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். சூளையில் கோணிப்போன பொம்மைகளை எனக்குக் கொண்டுவந்து தருவார். இந்த ஊரில் இருந்துகொண்டு தொட்டிக்குள் வைக்கக் கடையில் பொம்மை வாங்குவோமா? ஒரு மண்டபம், ஒரு தவளை, மூக்கு உடைந்த ஒரு செட்டியார் என்று தொட்டியை நிரப்பிவிட்டேன்.

மீன் வந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேசியது நான் மட்டும்தான் என்றாலும், கேட்க ஒரு ஜீவன் இருந்தது. காலையில் "எழுந்துட்டியா" என்பேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றுகூட அதனிடம்தான் சொல்வேன். கரப்பான்பூச்சி என்றால் அதற்கு உயிர். அதுவரை கரப்பானைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கும் நான், துடைப்பத்தோடு அதைத் தேடிப்போகிறவளாக மாறினேன்.

ஆனால் கடைக்காரர் சொன்னது மீனுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு வருடத்தில் ஒன்றரை அடியைத் தொட்டுவிட்டது. துள்ளித் துள்ளி மூடியை முட்டியதால், மூடிமேல் அம்மிக் குழவியைப் படுக்க வைத்தேன். பிறகுதான் அதன் விலாவில் செதில் பெயர்ந்திருப்பதைப் பார்த்தேன். மண்டபத்தில் உரசியிருக்கிறது. பொம்மைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அப்போதும் காயம் ஆறவில்லை.

ஒருநாள் சும்மா உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. நேராக நிற்க அதற்கு இடம் இருந்தது. திரும்பத்தான் இல்லை. தொட்டியின் நீளத்தைத்தான் எல்லோரும் பேசினோம், முன்னும் பின்னுமான அகலம் ஒரே அடி. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உடம்பை இரண்டாக மடித்து, முகம் ஒரு கண்ணாடியிலும் வால் ஒரு கண்ணாடியிலும் தேய, நெம்பித் திரும்பியது. முதுகு லேசாகக் கூனிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகத் தீனியையும் தொடவில்லை. இது செத்துப்போனால் இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

கடைக்குப் போனேன். அங்கே இப்போது பழைய கடைக்காரரின் அண்ணன் இருந்தார். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் இருந்தால்தான் பிழைக்கும் என்றார். அது ஈசானி மூலையில் எப்படி நுழையும்? ஹாலில் தென்மேற்குச் சுவர் ஒன்றுதான் காலி.

வெள்ளிக்கிழமை போனில் சொன்னதும் கணவருக்குக் கோபம் வந்தது.

"மீனு வந்தப்பறம்தான் எனக்கு வெயில்ல நிக்கிற வேலை போயி நெழல்ல வேலை கெடச்சுது. எடத்த மட்டும் மாத்தாத, சொல்லிட்டேன்."

"அதால திரும்ப முடியலைங்க. ஒடம்ப மடிச்சு மடிச்சு முதுகே கூனிப்போச்சு. பாக்கவே முடியல."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு மெதுவாக, "எங்க ரூமுலயும் அப்படித்தான். மேல ஒருத்தரு, கீழ ஒருத்தருன்னு அடுக்குக் கட்டிலு. நான் மேல. பொரண்டு படுத்தா முட்டி கூரையில இடிக்கும். நேரா படுத்தது படுத்தபடியே கெடப்பேன்" என்றார்.

அவர் போய் ஆறு வருடமாகியிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "ரூமு எப்படிங்க இருக்குது?" என்று கேட்பேன். "ஏசியெல்லாம் போட்டு வசதியா இருக்குது" என்பார். லீவில் வந்தபோதும் அதையேதான் சொன்னார். மீனைப் பற்றிப் பேசப்போய்த்தான் இது வெளியே வந்தது.

"பெரிய தொட்டியே வாங்கிடு. எந்த மூலையா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தொட்டி வந்தது. கடைக்காரரின் அண்ணனும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, ஈரப் போர்வையில் ஏந்தி மீனை மாற்றினோம். அது ஓடி விளையாடும் என்று பார்த்தால், ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டது. ஆறடி இருந்தும், பழையபடி இரண்டடிக்குள்ளேயே மடங்கி மடங்கித் திரும்பியது. இல்லாத கண்ணாடிக்கு அது பயந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு முனையிலிருந்து கிளம்பிய மீன் மறுமுனை வரை போய், உடம்பு நோகாமல் அகலமாக வளைந்து திரும்பி வந்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. அவருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் நான் கொடுத்ததே இல்லை. பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"என்னாச்சு? பாப்பாவுக்கு எதுனாவா?"

"இல்லைங்க. மீனு திரும்பிடுச்சு."

"திரும்பிடுச்சா?" என்றார். மறுபடியும் "நல்லா திரும்பிடுச்சா?" என்றார். நீங்கள் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. மகள் படிப்பு பாக்கி இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க லைட் போடாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மகள் படிப்பு முடிந்ததும் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். மீன் போய்ச்சேர்ந்து பல வருடங்களாகின்றன. அவர் வந்த புதிதில், அகலக் கட்டிலின் ஓரத்தில், கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு மல்லாந்தபடியே தூங்குவார். "எடம் கெடக்குது, தாராளமா பொரண்டு படுங்க" என்று தோளைத் தொட்டுச் சொல்வேன். தூக்கத்திலேயே "வேணாம், கீழ இருக்கறவரு முழிச்சுக்குவாரு" என்பார்.

இப்போதும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரப் பையன்கள் போனில் "வசதியா இருக்கேன் சித்தி" என்றால், படுக்கிற இடம் எவ்வளவு அகலம் என்று கேட்டுவிடுகிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தூரத்திலிருந்து வந்த 'வசதியா இருக்குது' என்ற ஒரு சொல்லை நம்பி, தனியாகக் கஷ்டப்படுவது நான் மட்டும்தான் என்று ஆறு வருடம் நினைத்திருந்தேனே, அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.