நோட்டில் இருந்த குடும்பம்

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு டீச்சருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம்கூட அவர் பேசியது கிடையாது. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். "நீ கணக்கு டீச்சர்தானே? இன்ஃபினிட்டிய நேர்ல பாத்துட்டா பாடம் எடுக்கற?" என்பார்.

ஸ்டாஃப் ரூமில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மேசையில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று, அதற்குள் நானூறு அட்டைகள். முன்பக்கம் படம், பின்பக்கம் பிரெஞ்சு வார்த்தை. குடை, கரண்டி, கைக்குட்டை, ரயில், அடுப்பு. கேள்வித்தாள் இந்த நானூறைத் தாண்டி வெளியே கால் வைத்ததே இல்லை. பிள்ளைகள் பிரெஞ்சு எடுத்ததும் அதற்காகத்தான். மொழி மேல் ஆசையாவது மண்ணாவது, மார்க் அள்ளலாம் அல்லவா! தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்த மொழியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது.

வருடம் தவறாமல் ஒரு கட்டுரையும் வரும்: 'என் குடும்பம்'. அக்கா அதைப் பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொண்டு உருப்போடுவார்கள். என் அப்பா டாக்டர். என் அம்மா டீச்சர். எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. எங்கள் வீட்டில் தோட்டம் இருக்கிறது. லாரி டிரைவர் மகனும் இதைத்தான் எழுதினான், மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தவளும் இதைத்தான் எழுதினாள். வருடத்துக்கு நாற்பது டாக்டர்களையும் நாற்பது தோட்டங்களையும் அக்கா சலிக்காமல் திருத்துவார்.

ஒரு வருடம் ஒரு பெண் மாற்றி எழுதிவிட்டாள். அவள் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு அம்மா இல்லை என்று தப்பும் தவறுமான பிரெஞ்சில் ஒரு வரி எழுதிவிட்டு, மீதியை எழுதாமலே கொடுத்துவிட்டாள். அக்கா அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"நோட்டுல இருக்கறத ஏன் எழுதல?"

"எனக்கு அம்மா இல்ல மிஸ்."

"தெரியும்மா. ஆனா பரீட்சைல எல்லாருக்கும் அம்மா உண்டு. போய் எழுதிட்டு வா."

அவள் எழுதிக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"உண்மைய எழுதப் போனா தப்பு வரும்டி. தப்பு வந்தா மார்க் போகும். பாவம், அம்மாவும் போயி மார்க்கும் போகணுமா?" என்றார் அக்கா.

அந்தப் பெண் பொதுத் தேர்வில் தொண்ணூற்றாறு வாங்கினாள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் இருந்து பத்து வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிவிட்டு ஒருநாள் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். இதெல்லாம் மற்ற டீச்சர்கள் சொல்லி எனக்குத் தெரியும். அக்கா இதைப் பற்றி வாய் திறந்ததில்லை, நானும் கிண்டியதில்லை.

போன வருடம் தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். "அடுத்த வருஷத்துலேர்ந்து பிரெஞ்சு வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. பேரன்ட்ஸ் எல்லாம் ஸ்பானிஷ் கேக்கறாங்க. நீங்களே படிச்சு பாஸ் பண்ணி சர்டிபிகேட் கொண்டுவந்தீங்கன்னா உங்களையே போட்டுக்கறோம். இல்லேன்னா வேற ஆள்தான்." எட்டு மாத அவகாசம். அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

அக்கா தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். நானூறு அட்டைகளிலும் பிரெஞ்சைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே ஸ்பானிஷை எழுதினார். வார்த்தைகள் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டன. வினைச்சொற்கள்தான் உயிரை வாங்கின. ஒவ்வொன்றும் 'நான்' என்றால் ஒரு மாதிரி, 'நீ' என்றால் ஒரு மாதிரி, 'அவர்கள்' என்றால் ஒரு மாதிரி என்று ஆறு வேஷம் கட்டும். நேற்று, இன்று, நாளை என்று அதையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். கண்டக்டர் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, முடியட்டும் என்று டிக்கெட்டோடு காத்து நிற்பாராம்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல், கிரீஸ் விரலால் நோட்டில் வரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காக அக்கா எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"அடுத்தது 'தூங்கு'. சொல்லு."

அக்கா ஆறையும் கடகடவென்று ஒப்பித்தார்.

"நாலாவது தப்பு."

"தப்பில்ல. நீங்க வரி மாறிப் பாக்கறீங்க."

"அட, ஆமா. இது 'சாப்பிடு'."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு பேச்சை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அக்கா பாஸ் பண்ணிவிடுவார் என்று அன்றைக்கு முழுசாக நம்பினேன். என் நம்பிக்கையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

எழுத்துத் தேர்வில் எண்பத்தொன்பது. வாய்மொழித் தேர்வில் ஃபெயில். இரண்டிலும் தேறினால்தான் சர்டிபிகேட். மறுபடி எழுத அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும், பள்ளிக்கு ஏது அந்தப் பொறுமை? இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். அவள் வந்த முதல் வாரமே பலகையில் 'என் குடும்பம்' எழுதிப் போட்டாள். அவளும் எங்கேயோ ஒரு பலகையைப் பார்த்துப் படித்தவள்தானே.

அக்கா மேசையைக் காலி செய்த அன்று நான் கூட இருந்தேன். பழைய நோட்டுகளைக் கட்டினோம். கடைசியாக டின்.

"அட்டையெல்லாம் புதுசா வந்த பொண்ணுக்குக் கொடுத்துடலாமாக்கா?"

"அடிச்சும் எழுதியும் அசிங்கமா கெடக்கு. யாருக்கும் உதவாது."

மனசு கேட்கவில்லை எனக்கு. "வாய்மொழில என்னதான் ஆச்சு?" என்றேன்.

"கைடுல 'என் குடும்பம்' இருந்துச்சு. அத அப்படியே உருப்போட்டுட்டுப் போனேன். என் கணவர் இன்ஜினியர், எங்களுக்கு ரெண்டு குழந்தைங்கன்னு தங்குதடையில்லாம சொல்லிட்டேன். பரீட்சை வச்சது சின்னப் பொண்ணு. சந்தோஷமா சிரிச்சா. அப்புறம் கைடுல இல்லாத கேள்விய கேட்டுட்டா. குழந்தைங்க பேர் என்னன்னு."

"கேள்வி புரியலையா?"

"புரியாம என்ன? எனக்குக் குழந்தை இல்லன்னு சொல்லவும் தெரியும். மொதப் பாடத்துலயே வருது."

"பின்ன?"

"பேரைச் சொன்னேன்."

"யார் பேரைக்கா?"

அக்கா டின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒரு பையன், ஒரு பொண்ணு. கல்யாணமான புதுசுல நானும் அவரும் யோசிச்சு வச்ச பேரு. அதுக்கப்புறம் இத்தன வருஷத்துல அவர்கிட்டகூட ஒரு தடவ வாய்விட்டுச் சொன்னதில்ல. அங்க போயி, யாரோ ஒருத்திகிட்ட சொல்லிட்டேன். அவ விட்டாளா? அழகான பேரா இருக்கே, அவங்களுக்கு என்னெல்லாம் பிடிக்கும்னு கேட்டா."

மூடியை டின்னில் வைத்து அழுத்தினார். அது சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலடி" என்றார்.