பாதியில் நின்ற பாராட்டு

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "உங்க மகள் பேச்சுப் போட்டியில முதலாவதா வந்திருக்கா."

அதைச் சொல்லத்தான் வத்தேகம சந்தையில் இருக்கும் அவளுடைய அப்பாவின் மரக்கறிக் கடைக்குப் போனேன். "நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று அவள்தான் கேட்டிருந்தாள். கடையில் அவளும் நின்றாள்.

"வாங்க டீச்சர், வாங்க! இவ ஒழுங்கா படிக்கிறாளா?"

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முதலில் சீண்டுவோம், பிறகு புகழ்வோம்.

"வகுப்புல எந்த நேரமும் பேச்சுத்தான்" என்று சிரித்துக்கொண்டே தொடங்கினேன்.

அறைந்துவிட்டார். அவள் முகம் தராசுத் தட்டில் மோதி உதடு கிழிந்தது. போஞ்சிக் குவியலில் இரத்தம் தெறித்தது. பின்னலைப் பிடித்து இழுத்து மறுபடி ஓங்கியபோது, அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"அடிக்காதீங்க! நான் இன்னும் சொல்லி முடிக்கல!"

"விடுங்க டீச்சர். ஒங்க முன்னுக்கே குடுத்தாத்தான் ஒறைக்கும்."

அதற்குமேல் நான் சொல்லவில்லை. சொன்னால், தான் அடித்து வளர்த்ததால் வந்த பரிசு என்று சந்தை முழுக்கச் சொல்வார்.

எனக்குக் கதிரை போட்டார்கள். இரத்தம் படாத போஞ்சியாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கட்டித் தந்தார்.

"டீச்சர்கிட்ட காசு வாங்குறதா? சும்மா கொண்டு போங்க!"

இந்த வேலைக்கு இப்போது மதிப்பில்லை என்று நம் ஆசிரியர் குழுவில் யாரோ எழுதியிருந்தீர்களே?

மாலையில் அவளுடைய அம்மாவின் போனிலிருந்து செய்தி வந்தது: "டீச்சர், மாகாணப் போட்டிக்கு வேற யாரையாவது அனுப்புங்க."